இணையவழி இசைக்குழு ஒத்திகையில் தாமதமும் ஒலிச் சிதறலும்: ஜாமுலஸ் வழி வாசிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் 4 முதல் 6 பேர் ஜாமுலஸ் செயலி வழியாக ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கும்போது ஏற்படும் இணைப்புச் சிக்கல்களை எந்த வரிசையில் ஆராய்ந்து சரிசெய்வது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஜூம், கூகுள் மீட் போன்றவை பேச்சுக்காக அமைந்தவை. அவற்றில் தாமதம் அதிகம். நீண்டு ஒலிக்கும் இசைக்கருவியை இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. எனவே அவற்றைத் திருத்தி ஒத்திகைக்குப் பயன்படுத்தும் முயற்சி இங்கே பேசப்படவில்லை.

படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் எட்டாவது படியில் உள்ள பஃபர் (ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடம்) அமைப்புகளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். கேபிளும் ஒலிக் கருவியும் (இசைக்கருவியையோ மைக்கையோ கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்) சீராக இல்லாத நிலையில் அங்கே மாற்றும் எந்த எண்ணும் அடுத்த நாள் பொருந்தாமல் போகும்.

1. தூரக் கணக்கை முதலில் போடவும்

காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி எடுக்கிறது. ஒரு பெரிய மேடையில் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் 8 மீட்டர் தள்ளி நிற்கும் பேஸ் கிதார் கலைஞருக்கும் இடையே 23 மில்லிவினாடித் தாமதம் இயல்பாகவே இருக்கிறது; இருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் வாசித்தது மற்றவர் காதை அடைய ஆகும் மொத்த நேரம் 25 முதல் 30 மில்லிவினாடிக்குள் இருந்தால் வேகமான பாடலையும் வசதியாக வாசிக்கலாம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி ஒரு மில்லிவினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும். சாலைவழி 500 கிலோமீட்டர் உள்ள சென்னை–கோவைத் தூரத்துக்கு இது 2.5 மில்லிவினாடிதான், பாதை வளைந்து சென்றாலும், இடையில் பல கருவிகளைக் கடந்தாலும், வாசிக்க இடம் இருக்கிறது. சுமார் 2,900 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிங்கப்பூருக்குக் குறைந்தது 14.5 மில்லிவினாடி ஆவதால் அங்குள்ள நண்பருடன் மெதுவான பாடல்களை முயன்று பார்க்கலாம். சுமார் 8,200 கிலோமீட்டர் தள்ளியுள்ள லண்டனுக்கு ஒரு வழிப் பயணத்துக்கே 40 மில்லிவினாடிக்கு மேல் ஆகும், கருவிகளின் தாமதம் அதன்மேல் சேரும்.

இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கும் குழுக்கள், இயற்பியல் தடுக்கும் ஒன்றைப் புதிய ரௌட்டர் வாங்கிச் சரிசெய்ய முயல்கின்றன. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருப்பவரைத் தாளப் பகுதியில் சேர்க்காமல், பதிவின்மேல் பின்னர் வாசித்து அனுப்பும் பொறுப்பைத் தருவதே முறை.

2. முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியவை

ரௌட்டரிலிருந்து வாசிக்கும் அறை வரை எட்டும் லேன் கேபிள் ஒன்று வேண்டும். கேட் 5இ வகையே போதும். மெல்லிய மடிக்கணினிகளில் லேன் துளை இருக்காது என்பதால் அதற்கான யுஎஸ்பி அடாப்டரும் தேவைப்படலாம். ஆடியோ இன்டர்ஃபேஸ், அதைத் தயாரித்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்; விண்டோஸுக்கு மட்டும்), கம்பியுள்ள ஹெட்போன், ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் ஆகியவற்றையும் எடுத்து வைக்கவும். இணைப்பு அறுந்தாலும் பேசிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதால் ஜாமுலஸுக்கு வெளியே ஒரு வாட்ஸப் குழு அவசியம்.

புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அது மட்டுமே நூறு மில்லிவினாடிக்கு மேல் தாமதத்தைச் சேர்க்கக்கூடும். மற்ற எல்லாப் படிகளிலும் சேமித்த நேரத்தை அது ஒன்றே விழுங்கிவிடும்.

3. சிக்கல் யாருடைய பக்கம் என்று பிரித்தறியவும்

இந்த வழிகாட்டியில் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய படி இதுவே. “எனக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்று ஒருவர் சொன்னதும் ஆறு பேரும் தத்தம் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், அதன் பிறகு எது காரணம் என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஜாமுலஸில் ஒவ்வொருவரின் ஒலியும் முதலில் சர்வருக்கு (எல்லோரும் இணையும் பொதுக் கணினிக்கு) செல்கிறது. சர்வர் எல்லாவற்றையும் பெற்று, ஒவ்வொருவருக்கும் ஒரு கலவையைத் தயாரித்து, அதை ஒரே ஓடையாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் யார் கேட்பது சிதறுகிறது என்பதை வைத்தே பழுது எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒருவருடைய ஒலி மட்டும் எல்லோருக்கும் சிதறிக் கேட்டால், பழுது அவருடைய பதிவேற்றத்திலோ அவருடைய ஒலிக் கருவியின் உள்ளீட்டிலோ இருக்கிறது. எல்லோருடைய ஒலியும் ஒருவருக்கு மட்டும் சிதறினால், அது அவருடைய பதிவிறக்கம் அல்லது ஒலி வெளியீடு சார்ந்தது. எல்லோருக்கும் எல்லாமே சிதறினால் சர்வரைப் பார்க்க வேண்டும். “கீபோர்டு மட்டும் எனக்கு உடைந்து கேட்கிறது, மற்றவர்களுக்கு நன்றாக இருக்கிறதாம்” என்று யாராவது சொன்னால் இன்னொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள்: கலவை ஒரே ஓடையாக வருவதால் அதில் ஒரு கருவி மட்டும் வழியில் சேதமடைய வாய்ப்பில்லை.

சோதனையை இவ்வாறு செய்யவும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் 20 வினாடி நீண்டு நிற்கும் ஒலியைத் தர வேண்டும். பாடுபவர் “சா” பிடிக்கலாம், கீபோர்டில் ஒரு ஸ்டிரிங்ஸ் ஒலியை அழுத்திப் பிடிக்கலாம். மற்றவர்கள் மௌனமாகக் கேட்டு, உடைந்ததா இல்லையா என்பதை மட்டும் வாட்ஸப்பில் எழுத வேண்டும். டிரம்ஸையோ கிதார் ஸ்டிரம்மிங்கையோ வைத்துச் சோதிப்பது வீண், ஏனெனில் அடிகளுக்கு இடையிலான வெறுமையில் விழும் உடைசல் காதுக்குத் தெரியாது. ஒரு சுற்று முடிந்ததும் யாருடைய பக்கம் பழுது என்பது தாளில் வந்துவிடும். அவரைத் தவிர மற்றவர்கள் எதையும் தொடக் கூடாது.

4. சொந்த ஒலியைச் சர்வர் வழியாகவே கேட்கவும்

உடைசல் எதுவும் இல்லாமல் பாடல் மட்டும் வர வர வேகம் குறைந்துகொண்டே போனால், பெரும்பாலும் யாரோ ஒருவர் தம் கருவியை ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து நேரடியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவருக்கு அவருடைய ஒலி உடனே கேட்கிறது, மற்றவர்களின் ஒலி தாமதமாகக் கேட்கிறது. எனவே அவர் தம்மை அறியாமலேயே அவர்களுக்காகக் காத்திருக்கிறார். அவர் காத்திருப்பதைக் கேட்டு மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

தாமதமே தாளத்தை இழுக்கும் என்பதும் உண்மை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஷாஃபும் உடன் பணியாற்றியவர்களும் கைதட்டல் தாளங்களைக் கொண்டு செய்த சோதனைகளில், ஒருவழித் தாமதம் ஏறத்தாழ 11.5 மில்லிவினாடியைத் தாண்டக் கூடக் கூட வேகம் குறைவதும், அதற்குக் கீழே வேகம் சற்றுக் கூடுவதும் காணப்பட்டன. நேரடிக் கேட்பு இந்த இழுவையை மேலும் மோசமாக்குகிறது.

சோதிப்பது எளிது. ஜாமுலஸில் உங்கள் பெயருக்கு மேலுள்ள ஃபேடரை (ஒலி அளவு நகர்த்தியை) முழுவதும் கீழே இறக்கிவிட்டு வாசியுங்கள். அப்போதும் ஹெட்போனில் உங்கள் கருவி கேட்டால், இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது, அதை அணைக்கவும். பாடகரும் டிரம்ஸ் கலைஞரும் தம் இயல்பான ஒலியை முற்றிலும் மறைக்க முடியாது என்பதால், காதை முழுதும் மூடும் ஹெட்போன் அவர்களுக்குக் கட்டாயம். சர்வர் வழியாகத் தன் ஒலியைக் கேட்டு வாசிப்பது முதல் அரை மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும், பிறகு கை பழகிக்கொள்ளும்.

5. ஒலிக் கருவியின் பழுதை இணையப் பழுதிலிருந்து பிரிக்கவும்

கணினியால் உரிய நேரத்துக்குள் ஒலியைக் கையாள முடியாமல் போகும்போது எழும் ‘கரகர’ ஒலியும், பேக்கெட் (இணையம் வழி செல்லும் சிறு தரவுத் துண்டு) தொலைவதால் எழும் ஒலியும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இணையத்தைக் குறை சொல்வதற்கு முன், சர்வருடன் இணையாமல், அதே இன்டர்ஃபேஸையும் அதே பஃபர் அளவையும் கொண்டு ஏதேனும் ஒலிப்பதிவு மென்பொருளில் சில நிமிடங்கள் வாசித்துப் பார்க்கவும். அங்கேயும் கரகரப்பு இருந்தால் அடுத்த இரண்டு படிகளுக்குப் போக வேண்டியதில்லை.

ஜாமுலஸ் 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (ஒரு வினாடியில் ஒலியை அளக்கும் எண்ணிக்கை) மட்டுமே இயங்குகிறது. வேறொரு மென்பொருள் இன்டர்ஃபேஸை 44,100-இல் நிறுத்தி வைத்திருந்தால் இணைப்பே தொடங்காமல் போகலாம், அல்லது ஒலி கெடலாம். விண்டோஸில் மின்சேமிப்பு நிலையை அணைத்து, மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்தே வாசிக்கவும். சில வைஃபை டிரைவர்கள் கணினியின் ஒலிக் கையாளுதலையே அவ்வப்போது தடுக்கின்றன. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்பது தெரியும். லேன் கேபிள் போட்ட பிறகும் வைஃபையை முழுதாக அணைத்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

6. கேபிள் போடவும், பிறகு பிங் பார்க்கவும்

வைஃபையில் வேகம் நன்றாக இருக்கும், நேரம் சீராக இருக்காது. பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் பேசும் நேரத்தில் உங்கள் கணினி காத்திருக்க நேர்கிறது, தொலைந்த பேக்கெட்டை மறுபடி அனுப்ப நேர்கிறது. சில இயங்குதளங்கள் அவ்வப்போது வேறு நெட்வொர்க்குகளைத் தேடவும் செய்கின்றன. படம் பார்க்கும்போது இவை தெரியாது, ஏனெனில் சில வினாடிப் படம் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கும். ஒத்திகையில் சேமித்து வைக்க நேரமே இல்லை. மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டரும் வைஃபை ரிப்பீட்டரும் லேன் கேபிளுக்கு மாற்று ஆகா.

கேபிள் போட்டதும் இரண்டு இடங்களுக்குப் பிங் பார்க்க வேண்டும், அதாவது ஒரு சிறு செய்தி அங்கே போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். முதலாவது உங்கள் ரௌட்டர். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இரண்டாவது வெளியுலகில் ஒரு முகவரி, எடுத்துக்காட்டாக 8.8.8.8. விண்டோஸில் பிங் கட்டளை நான்கு முறை மட்டும் போய் நின்றுவிடும், அது போதாது. கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி விட்டுச் சிறு கோடும் ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். இரண்டு சாளரங்களில் இரண்டையும் ஒன்றாக ஐந்து நிமிடம் ஓடவிடவும்.

ரௌட்டருக்கான நேரம் கேபிளில் 1 மில்லிவினாடிக்குள் அசையாமல் நிற்க வேண்டும். அதுவே 2, 3, 2, 45, 3, 120 என்று துள்ளினால் பழுது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது கணினி இன்னும் வைஃபையில்தான் போகிறது. ரௌட்டருக்குச் சீராகவும் வெளியே துள்ளலாகவும் இருந்தால் அடுத்த படிக்குச் செல்லவும். அலுவலக மடிக்கணினியில் விபிஎன் இயங்கினால் பேக்கெட்டுகள் வேறு நகரத்தைச் சுற்றி வரக்கூடும் என்பதால் அதை அணைத்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்யவும்.

எண்களைப் படிக்கும்போது சராசரியைப் பார்க்காமல் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். எப்போதும் 20-இல் நிற்கும் இணைப்பு, 8-இல் இருந்து அடிக்கடி 60-க்குத் தாவும் இணைப்பைவிட ஒத்திகைக்கு மேலானது. மிகத் தாமதமாக வரும் பேக்கெட்டுக்காகவும் பஃபர் காத்திருக்க வேண்டியிருப்பதால், உங்கள் தாமதத்தைத் தீர்மானிப்பது மோசமான எண்தான்.

7. வீட்டில் பிறர் இணையத்தைப் பயன்படுத்தும்போது சோதிக்கவும்

வெளிமுகவரிக்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியிலிருந்து ஒரு பெரிய காணொளியைக் கூகுள் டிரைவில் ஏற்றிப் பாருங்கள். 15-ஆக இருந்த எண் 200-ஐத் தாண்டினால், ரௌட்டர் பேக்கெட்டுகளை நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது என்று பொருள். பெட்டிகளோடு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் டிக்கெட் மட்டும் கையில் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வதுபோல், உங்கள் சிறு ஒலிப் பேக்கெட்டும் அந்தக் காணொளியின் பின்னால் நிற்கிறது.

இதைக் கண்டதும் அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதுதான் மிகப் பரவலான தவறு. ஜாமுலஸுக்கு ஒரு திசையில் சில நூறு கிலோபிட் முதல் ஏறத்தாழ 1 மெகாபிட் வரைதான் தேவைப்படுகிறது. 40 மெகாபிட் திட்டத்தில் சிதறுவது பெரும்பாலும் 300 மெகாபிட் திட்டத்திலும் சிதறும்.

முதல் வழி, ஒத்திகை நேரத்தில் கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ், கேம் அப்டேட் போன்ற தானியங்கிப் பணிகளை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் நிறுத்துவது. மறந்துவிடுபவை பெரும்பாலும் மற்றவர்களின் கைப்பேசிகள். இரண்டாவது வழி, ரௌட்டரில் எஸ்கியூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வைப்பது. வேகத்தில் சிறிது விட்டுக்கொடுப்பதால் வரிசை உங்கள் ரௌட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. இணைய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ரௌட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் இயங்கும் ரௌட்டர் ஒன்றை அதன் பின்னால் இணைக்கலாம். ஒத்திகையின்போது ஒருவரையொருவர் பார்ப்பதற்காக வீடியோ அழைப்பை ஓடவிடுவதும் இதே வரிசையில் சுமையை ஏற்றும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

8. இப்போது பஃபர்களைத் தொடவும்

இரண்டு பஃபர்கள் உள்ளன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று ஆடியோ இன்டர்ஃபேஸுடையது. 48,000 ஹெர்ட்ஸில் 64 மாதிரிகள் 1.33 மில்லிவினாடி, 128 மாதிரிகள் 2.67, 256 மாதிரிகள் 5.33. முதலில் 256-இல் தொடங்கி ஐந்து நிமிடம் உடைசல் இல்லாமல் ஓடினால் 128-க்கு இறக்கவும். 64-க்கு இறங்குவதால் கிடைக்கும் லாபம் சிறிது, அதற்குக் கணினி படும் பாடு அதிகம். மெதுவான இணைப்பில் ‘ஸ்மால் நெட்வொர்க் பஃபர்ஸ்’ என்ற தேர்வையும் அணைத்தே வைக்கவும், ஏனெனில் அது பேக்கெட் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

மற்றது ஜிட்டர் பஃபர், அதாவது பேக்கெட்டுகள் சீரற்ற இடைவெளியில் வருவதைச் சமன்செய்வது. இதில் ‘லோக்கல்’, ‘சர்வர்’ என்று இரு நகர்த்திகள் இருக்கின்றன. லோக்கல் என்பது சர்வரிலிருந்து உங்களுக்கு வரும் ஓடைக்கானது. சர்வர் என்பது உங்களிடமிருந்து அங்கே செல்லும் ஓடைக்கானது. மூன்றாவது படியில் எழுதிவைத்தது இங்கேதான் பயன்படுகிறது: உங்கள் ஒலி எல்லோருக்கும் உடைந்தால் சர்வர் நகர்த்தியையும், எல்லோர் ஒலியும் உங்களுக்கு உடைந்தால் லோக்கல் நகர்த்தியையும் கூட்ட வேண்டும்.

ஆட்டோ நிலையில் சில நிமிடங்கள் விட்டு, எண்கள் எங்கே நிலைகொள்கின்றன என்று குறித்துக்கொள்ளவும். ஆட்டோ அடிக்கடி ஏறி இறங்கி, ஜிட்டர் விளக்கு சிவந்துகொண்டே இருந்தால், அதை அணைத்துவிட்டு, குறித்த எண்ணுக்கு ஒன்று கூட்டி நிலையாக வைக்கவும். சிறிது கூடுதலான, ஆனால் மாறாத தாமதத்துக்குக் கை பழகிவிடும்; மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு ஒருபோதும் பழகாது.

9. சர்வரின் இடத்தை மாற்றிப் பார்க்கவும்

இருவருக்கு இடையிலான தாமதத்தில், முதலாமவரிடமிருந்து சர்வருக்கும் சர்வரிலிருந்து இரண்டாமவருக்கும் ஆகும் நேரம் இரண்டும் அடங்கும். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் ஐரோப்பாவில் உள்ள பொதுச் சர்வரில் சந்தித்தால் தாமதம் ஐரோப்பாவுடையதாகவே இருக்கும். ஜாமுலஸின் சர்வர் பட்டியலில் பிங் எண் காட்டப்படுகிறது. ஒவ்வொருவரும் தமக்கான எண்ணைச் சொல்ல, அவற்றுள் மிக மோசமான எண் எந்தச் சர்வரில் குறைவாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கவும். ஒருவருக்கு மட்டும் மிகச் சிறந்த சர்வர் குழுவுக்குப் பயன்படாது.

பட்டியலில் பொருத்தமானது இல்லையென்றால் சொந்தச் சர்வர் வைக்கலாம். கணினியை வாடகைக்குத் தரும் நிறுவனங்களில், டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலும், அமேசானுக்கு மும்பையிலும், மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலும் தரவு மையங்கள் உள்ளன. ஒரு சிறு குழுவுக்கு அங்கே மிகச் சிறிய மெய்நிகர் கணினியே போதும். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம், அனுமதியில்லாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால். ஜாமுலஸ் 22124 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலின் எண்) யுடிபி வகையில் பயன்படுத்துகிறது; யுடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் வெவ்வேறு முறைகள். பலர் எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு வகையை டிசிபி என்றே விட்டுவிடுகிறார்கள், சர்வர் ஓடினாலும் யாராலும் இணைய முடிவதில்லை.

வீட்டுக் கணினியிலேயே சர்வர் வைக்க விரும்பினால், ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் ரௌட்டர் அமைப்பு) எவ்வளவு சரியாகச் செய்தாலும் பலிக்காது. முகவரி சரியாக இருந்தாலும், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனி ஓடை அந்த ஒரு வீட்டிலிருந்தே பதிவேற வேண்டும் என்பதையும், அங்கே மின்சாரம் போனால் எல்லோருக்கும் ஒத்திகை போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

10. ஒத்திகை நாளின் ஒழுங்கு

கால் மணி நேரம் முன்னதாக, ஒருவர் பின் ஒருவராக இணையவும். ஒருவர் சேர்ந்ததும் சிதறல் தொடங்கினால் காரணம் உடனே தெரிந்துவிடும். ஆறு பேரும் ஒன்றாக நுழைந்தால் தெரியாது. டிரம்ஸ் முதலில், பேஸ் அடுத்து, பாடகர் கடைசியில் என்ற வரிசை வசதியானது. டிரம்ஸ் கலைஞர் யாருக்காகவும் காத்திருக்காமல் தம் வேகத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவர்மேல் சாய்ந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் வீட்டில் தனி மெட்ரோனோம் ஓடவிடுவது பயன்படாது, ஏனெனில் அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதில்லை. ஒரே ஒருவரிடமிருந்து சர்வர் வழியாக வரட்டும்.

ரௌட்டருக்கும் அதற்கு முன்னுள்ள ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறு யூபிஎஸ் வைக்கவும். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு நொடி மின்தடையில் ரௌட்டர் அணைந்து மீண்டும் எழச் சில நிமிடங்கள் ஆகிவிடும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அதில் நேரம் மிகவும் துள்ளும் என்பதால் அன்று ஜிட்டர் பஃபரைத் தாராளமாகக் கூட்டி, மெதுவான பாடல்களை எடுக்கவும்.

11. இணைய நிறுவனத்திடம் புகார் செய்யும் முறை

ரௌட்டர் வரை சீராகவும், வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் வெளியே துள்ளலாகவும் இருந்தால் மட்டுமே இந்தப் படி. “இணையம் மெதுவாக இருக்கிறது” என்று சொன்னால் வேகச் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லி, எண் சரியாக இருப்பதைக் காட்டிப் புகாரை முடித்துவிடுவார்கள். பேக்கெட் இழப்பு, தாமத ஏற்ற இறக்கம் என்ற சொற்களையே பயன்படுத்தவும்.

ரௌட்டருக்கான பிங், வெளிமுகவரிக்கான பிங் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நேரம் தெரியும்படி பல மாலைகள் பதிவுசெய்து அனுப்பவும். பேக்கெட் கடக்கும் இடங்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையின் வெளியீட்டையும் சேர்த்தால் எந்த இடத்திலிருந்து துள்ளல் தொடங்குகிறது என்பதை அவர்களின் பொறியாளர் பார்த்துக்கொள்ள முடியும். பதில் இல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், முன்பணம் கட்டுவதற்கு முன், அதே தெருவில் அந்த நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம் கேட்டு, நீங்கள் ஒத்திகை செய்யும் அதே மாலை நேரத்தில், லேன் கேபிள் போட்டு, உங்கள் ஜாமுலஸ் சர்வருக்கான பிங்கை அங்கிருந்து பார்த்துவிடவும்.